மால்பெக் மாதிரி சிவப்பு ஒயினை 'ஃபுல் பாடி' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன? அந்த மால்பெக் திராட்சை எங்கிருந்து வந்தது?

வாயில் வைத்ததுமே கனமாகத் தெரிகிற ஒயின் என்று அர்த்தம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து அடுக்களையில் தேங்காயின் தலைப்பாலை நாக்கில் விட்டால் ஒரு கனம் தெரியும், மூன்றாம் பாலில் அது இருக்காது. அந்த வித்தியாசம்தான்.

கனத்துக்கு முதல் காரணம் ஆல்கஹால். மால்பெக்கில் அது பெரும்பாலும் 13.5 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். அடுத்தது தோல். சாறு தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிக்கிறது. கண்ணாடிக் கோப்பையின் அடி தெரியாத கருஞ்சிவப்பும், ஈறு இறுகுகிற துவர்ப்பும் அப்படித்தான் இறங்குகின்றன. எனக்கு அந்தத் துவர்ப்புதான் இதன் உயிர்.

இந்தத் திராட்சையின் பூர்வீகம் பிரான்சின் தென்மேற்கு, காஓர் பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் வல்லுநர் இதை அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோனார். 1956-இன் கடும் உறைபனியில் காஓர் தோட்டங்கள் பெருமளவு பட்டுப்போயின. அர்ஜென்டினாவிலோ, ஆண்டிஸ் மலையடிவாரத்து மெண்டோசா இதன் புது வீடானது. அங்கே பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். அதனால் பழம் நன்றாகப் பழுத்தும் புளிப்பு அதிகம் குறைவதில்லை.

கிறிஸ்மஸுக்கு நம்ம வீடுகளில் சீனி போட்டு ஊறவைக்கிற ஒயின் மாதிரி இதுவும் இனிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பழத்தின் சர்க்கரை அநேகமாக முழுவதும் ஆல்கஹாலாகிவிடுவதால், மால்பெக் பெரும்பாலும் இனிக்காது.