பூக்காத ஆனைக்கொய்யா ‘ஆண் மரமா’?

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “லயத்துக்குப் பின்னால் விதை போட்டு வளர்த்த ஆனைக்கொய்யா மரத்துக்கு 5 வயது. 12 அடி வளர்ந்தும் பூவே இல்லை. லொறியில் கன்று விற்க வருபவர், ‘இது ஆண் மரம், வெட்டிவிட்டு என்னிடம் ஒட்டுக்கன்று சோடியாக வாங்கி வையுங்கள்’ என்கிறார். வெட்டலாமா?”

வெட்டாதீர்கள். பப்பாசியில் ஆண் மரம் உண்டு, ஆனைக்கொய்யாவில் கிடையாது. ஒவ்வொரு பூவிலும் இரண்டு பாகமும் இருக்கிறது. விதை மரம் பூக்க 7 வருடமும் ஆகும், 10 வருடமும் ஆகும். நிழல் இருந்தால் இன்னும் இழுக்கும். தேயிலைக்கு வந்த யூரியாக் கலவையை இதற்கும் அள்ளிப் போட்டிருந்தால் நிறுத்துங்கள், இலைதான் தழைக்கும். கூட்டெரு போதும், அதுவும் அடிமரத்தை ஒட்டாமல் அரை அடி தள்ளி. பூக்கட்டும் என்று மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம்.

‘சோடி’ என்பதில் மட்டும் பாதி உண்மை உண்டு. ஹாஸ் போன்ற ரகங்களில் பூ காலையில் பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் பிற்பகல் ஆணாக விரியும். ஃபுவேர்ட்டே, பொலொக் போன்றவற்றில் பிற்பகல் பெண், மறுநாள் காலை ஆண். இரண்டு வகையும் பக்கத்தில் நின்றால் காய்ப்பு கூடும். ஆனால் குளிரிலும் மூடுபனியிலும் இந்த நேரக்கணக்கு குழம்பிவிடும். ஒரே மரத்தில் இரு நிலைப் பூவும் சேர்ந்து நிற்கும், தனி மரமும் காய்க்கும். பக்கத்து லயத்தில் ஒரு மரம் இருந்தாலும் தேனீ பார்த்துக்கொள்ளும். சோடிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

லொறிக்காரருடைய ‘ஒட்டுக்கன்றை’யும் பாருங்கள். தண்டில் சுற்றிய பொலித்தீனை அவிழ்க்கச் சொல்லுங்கள். உள்ளே குச்சியை ஆப்பாகச் சீவிச் செருகிய தழும்பு இல்லாமல் பட்டை வழுவழுவென்று ஓடினால் அது வெறும் விதைக்கன்று. தழும்பு இருந்தும் ஏமாற்றலாம்: ஒட்டிய குச்சி பட்டுப்போயிருக்கும், துளிர் அதற்குக் கீழிருந்து வந்திருக்கும். அதுவும் விதைக்கன்றுதான். நுவரெலியாக் குளிருக்குப் பொலொக்கை விற்பவரும் உண்டு; அது தாழ்நிலத்து இனம்.

பொறுக்க முடியாவிட்டால் இதே மரத்தில் ஒட்டலாம். 3 அடி உயரத்தில் அறுத்து, தாழ்ந்த கிளை ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். வேருக்குச் சோறு போடுவது அதுதான். நன்றாகக் காய்க்கும் மரத்தில், மொட்டு பருத்தும் விரியாத, பென்சில் தடிப்புக் குச்சிகளை 4 அங்குலத்துக்கு வெட்டி, அறுத்த அடியின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் மூன்றைச் செருகி, பொலித்தீனால் இறுகக் கட்ட வேண்டும். வெயில் படும் பட்டைக்குச் சுண்ணாம்பு பூசுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். பிடித்தால் 2, 3 வருடத்தில் காய்.

விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள் என்று எழுதிவிட்டு நகரலாம். அவர் லயம் வரைக்கும் எப்போது ஏறி வருவார்? ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் தோட்டத்திலேயே இருப்பார், விசாரியுங்கள். குச்சி துளிர்த்து ஓரடி வளர்ந்த பிறகே விட்டுவைத்த கிளையை அறுக்கச் சொல்லுங்கள்.