கவசம் அணிந்த நைட் கீழே விழுந்தால் எழ முடியாதா?

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவின் நைட்டுகள் (குதிரையேறிப் போரிட்ட உயர்குடி வீரர்கள்) அணிந்த இரும்புக் கவசம், கீழே விழுந்தால் தாமாக எழ முடியாத அளவுக்குக் கனமானதா?

இல்லை. நல்ல பயிற்சி பெற்றவர் அதை அணிந்துகொண்டு ஓடலாம், தரையில் உருண்டு எழலாம், பிறர் உதவியின்றிக் குதிரை ஏறலாம். பாரந்தூக்கி வைத்து அவர்களைக் குதிரைமேல் ஏற்றினார்கள் என்பது பிற்காலக் கற்பனை. 15ஆம் நூற்றாண்டில் போருக்கென்று செய்யப்பட்ட முழுத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோவுக்குள் அடங்கிவிடும். இன்றைய காலாட்படை வீரர் சுமந்து நடப்பது பல வேளைகளில் இதைவிட அதிகம். பிரான்சின் மார்ஷலாக, அதாவது படைத்தலைவராக, இருந்த பூசிகோ, தலைக்கவசம் தவிர மற்ற எல்லாவற்றையும் அணிந்தபடியே குட்டிக்கரணம் அடிப்பார் என்று அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு சொல்கிறது.

பிறகு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அருங்காட்சியகங்களில் நம் கண்ணைக் கவர்பவற்றுள் பல, போருக்கானவை அல்ல, போட்டிக்கானவை. ஈட்டியை நீட்டிக்கொண்டு இருவர் குதிரையில் எதிரெதிராக விரையும் ஆட்டத்திற்குச் சில நிமிடப் பாதுகாப்பு போதும். நடக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே அந்தக் கவசங்கள் 40 கிலோவைத் தாண்டியும் செய்யப்பட்டன. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1520இல் தரையில் நின்று பொருதும் போட்டிக்காகச் செய்வித்த கவசமும் 40 கிலோவுக்கு மேற்பட்டது. உடலில் ஓர் இடைவெளிகூடத் தெரியாதபடி மூடும் வியப்பான வேலைப்பாடு அது. ஆனால் போட்டியின் விதிகள் மாறியதால் முடிக்கப்படாமலே நின்றுபோயிற்று.

எடை எவ்வளவு என்பதைவிட அது உடலில் எங்கே அமர்கிறது என்பதுதான் முக்கியம் என்பேன். இங்கிலாந்தில் படித்த நாட்களில், பழைய போர்முறைகளை நிகழ்த்திக் காட்டும் குழுவைச் சேர்ந்த ஒருவர் தம்முடைய கவசத்தின் மேற்பகுதியை எனக்கு அணிவித்துப் பார்த்தார். முதலில் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த சட்டை. அதன் தோளிலிருந்து தொங்கிய மெழுகு தடவிய கயிறுகளில்தான் கைக்கவசம் முடிச்சிடப்பட்டது. மார்புத்தகட்டைக் கையில் வாங்கியபோது சற்று மலைத்தேன். ஆனால் பக்கவாட்டு வார்களை அவர் இறுக்கியதும் அது இடையில் ஒடுங்கி இடுப்பெலும்பின்மேல் உட்கார்ந்துகொண்டது, குடத்தை இடுப்பில் ஏற்றியதும் கையின் பாரம் குறைவதைப் போல. முழங்கையை மடக்கிப் பார்க்கச் சொன்னார். சிறு தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்று நழுவிச் சென்றன. தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளுக்கான துளைகளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் வெட்டியிருந்ததால், தகடுகளுக்கு விலகி நகர இடம் கிடைத்தது. தகட்டின் கனத்திலும் இதே கணக்கு உண்டு: மார்பின் நடுவில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், ஓரங்களுக்குப் போகப்போக அதில் பாதி. அடி விழும் இடத்தில் மட்டும் இரும்பைத் தங்கவிட்ட இத்தாலியின் மிலான், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரக் கொல்லர்களைத் தையற்காரர்கள் என்றே அழைக்கத் தோன்றுகிறது.

இதற்கு முந்தைய, இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசம் முழுக்கத் தோளில் தொங்கும். இடைவாரை இறுக்கினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் தகட்டுக் கவசத்தில் துன்பமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கவசம் அணிந்து பழகியவர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்து அளந்த முடிவுகளை 2011இல் வெளியிட்டார்கள். சாதாரணமாக நடக்கத் தேவைப்படும் ஆற்றலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவானது. அதே எடையை முதுகில் சுமந்தால் இவ்வளவு ஆகாது. கவசத்திலோ கால்களில் மட்டுமே 7, 8 கிலோ இருப்பதால், ஒவ்வோர் அடிக்கும் அந்த இரும்பையும் வீசி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு மார்புத்தகடு நெஞ்சை விரியவிடுவதில்லை. ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல், மேலோட்டமாக அடிக்கடி இழுக்க வேண்டியதாயிற்று. அந்த மார்புத்தகட்டுக்குள் பத்து நிமிடம் நின்ற எனக்கே இது விளங்கியது. முகமூடியை இறக்கிவிட்டுப் போரிட்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

1415 அக்டோபர் 25 அன்று பிரான்சின் அஜின்கூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரை இதை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக உழுத வயல், முந்தைய இரவு பெய்த மழை, முழங்கால் வரை சேறு. பிரெஞ்சு நைட்டுகளில் பெரும்பாலோர் அதைக் கால்நடையாகக் கடந்து, ஆங்கிலேய வில்லாளர்களின் அம்புமழைக்கு நடுவே, எதிரியை அடையும் முன்பே களைத்துப்போனார்கள். பின்னால் வந்தவர்களின் நெரிசலில் முன்வரிசை விழுந்தது. விழுந்தவர்கள்மேல் மேலும் பலர் விழுந்தார்கள். அங்கே பலர் எழவில்லை என்பது உண்மைதான். வெறும் தரையில் விழுந்திருந்தால் அவர்கள் எழுந்திருப்பார்கள். குட்டிக்கரணம் அடித்த பூசிகோவும் அன்று அந்தக் களத்தில் இருந்தார். சிறைபிடிக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், ஊர் திரும்பாமலே 1421இல் அங்கே இறந்தார்.