பட்டர் பேப்பர் என்று கேட்டால் எதைத் தருகிறார்கள்?

கேள்வி: கடையில் பட்டர் பேப்பர் கேட்டு வாங்கி கேக் டின்னில் விரித்தேன். ஓடிஜி மின் அடுப்பிலிருந்து புகை. கேக்கின் அடியில் பேப்பர் ஒட்டிக்கொண்டு மெழுகு வாசம் வேறு. எங்கே தப்பு?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, அந்தப் பெயர் மேல்தான். மெழுகு பூசிய தாள், எண்ணெய் ஊறாத தாள், கேக் சுடுவதற்கான பார்ச்மென்ட் பேப்பர் மூன்றையும் நம் கடைகளில் பட்டர் பேப்பர் என்றே சொல்லித் தருகிறார்கள். உங்கள் கைக்கு வந்தது மெழுகுத்தாளாகத்தான் இருக்கும். அந்த மெழுகு 60 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், கேக்குக்கோ 180 டிகிரி வேண்டும், அப்புறம் புகையாமல் என்ன செய்யும்? இனி வாங்கும்போது அட்டையில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பார்ச்மென்ட் என்றால் பெரும்பாலும் 220 டிகிரி வரை தாங்கும். வீட்டில் ஏற்கெனவே சுருள் கிடந்தால் நகத்தால் சுரண்டுங்கள், நகத்தில் வழவழவென்று ஏதாவது ஏறினால் அது மெழுகு. தூக்கிப் போட வேண்டாம், பர்பி, கடலை மிட்டாய் சுற்ற அது போதும். பார்ச்மென்ட்டும் ஓடிஜியின் சூடேறும் கம்பியில் பட்டால் கருகும், அதனால் டின்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரித்துவிடுங்கள். டின்னில் படியாமல் சுருண்டுகொண்டே வருகிறதா? கசக்கி, குழாயில் நனைத்து, பிழிந்து விரியுங்கள், சொன்னபடி கேட்கும்.

கேள்வி: பார்ச்மென்ட் என்றால் ஆட்டுத்தோல் என்கிறான் என் மகன். நாங்கள் சைவம். பயன்படுத்தலாமா?

பதில்: பையன் சொல்வது பாதி சரி. அந்தக் காலத்தில் எழுதுவதற்கு ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் பதப்படுத்தி வைத்துக்கொண்டதற்குத்தான் அந்தப் பெயர். சமையலறைக்கு வருவது மரக்கூழில் செய்த காகிதம். அதைக் கந்தக அமிலத்தில் முக்கி உடனே நன்றாக அலசிவிடுவார்கள், நார்கள் இறுகி எண்ணெயும் நீரும் ஊறாத தாளாகிவிடும், ஒட்டாமல் வர மேலே சிலிக்கோன் பூச்சு. தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அதிரசம் தட்ட வாழையிலை கிடைக்கவில்லை. இந்தப் பேப்பரில் தட்டலாமா? ஏர் ஃபிரையரில் போடலாமா?

பதில்: தட்டலாம், லேசாக எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அதிரசத்தைக் கைக்கு மாற்றி எண்ணெயில் விடுங்கள், பேப்பரோடு இறக்கிவிடாதீர்கள். ஏர் ஃபிரையரிலும் போடலாம், ஆனால் பேப்பரின் மேல் பண்டத்தை வைத்த பிறகுதான் சூடேற்ற வேண்டும். வெறும் பேப்பரை வைத்துச் சூடேற்றினால் விசிறிக் காற்றில் பறந்து மேலே உள்ள கம்பியில் ஒட்டிப் பற்றிக்கொள்ளும்.