நானோ காப்ஸ்யூல் இருக்கட்டும், தண்ணீர் இறங்குகிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். 35 நாள் கதிர்வீச்சும் வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்தும் என்று முடிவாகி, இதுவரை 11 நாள் முடிந்திருக்கிறது. நல்ல செல்களை நானோ துகள்கள் கவசம் போலக் காக்கும் என்று இணையத்தில் படித்து, செரியம் ஆக்சைடு கலந்தது என விற்கப்படும் காப்ஸ்யூலை வாங்கி நான்கு நாளாகக் கொடுத்துவருகிறேன். தொடரலாமா? கழுத்துத் தோல் கறுத்துவிட்டது, வாயில் ருசி இல்லை, தாடி கொட்டுகிறது. கைக்குழந்தையை அவரிடம் விடலாமா? வாய்ப்புண் தாங்காமல் “கரண்ட் வைத்தது போதும்” என்கிறார்.

பதில்: காப்ஸ்யூலை இன்றே நிறுத்திவிடுங்கள். சிகிச்சையை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தவிடாதீர்கள்.

நீங்கள் படித்தது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவோடு முடித்திருப்பேன். கதிர் உடலில் பாயும்போது உண்டாகும் சேதத்தில் பெரும்பங்கு, செல்லுக்குள் இருக்கும் நீரைப் பிளந்து அது உருவாக்கும் ஹைட்ராக்சில் என்னும் ஃப்ரீ ராடிக்கல் (எதனோடும் சட்டென வினைபுரியும் நிலையற்ற துகள்) டிஎன்ஏவைத் தாக்குவதால் விளைகிறது. செரியம் ஆக்சைடின் சில நானோமீட்டர் அளவுள்ள துகள், தன் மேற்பரப்பில் உள்ள செரியம் அணுக்கள் இரண்டு மின்னேற்ற நிலைகளுக்கிடையே மாறி மாறிப் போய்வருவதால், இத்தகைய ராடிக்கல்களை மீண்டும் மீண்டும் அடக்கவல்லது. இதே போல ராடிக்கலை அடக்கும் சாதாரண ஆன்டி ஆக்சிடன்ட் மூலக்கூறோ ஒரு முறை வேலை செய்ததும் தீர்ந்துபோகும். 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மார்பகத்தின் இயல்பான செல்களை இத்துகள்கள் கதிர்வீச்சிலிருந்து காத்தன, மார்பகப் புற்றுச் செல்களைக் காக்கவில்லை. பின்னர் எலிகளின் நுரையீரலிலும் குடலிலும் பாதுகாப்புத் தன்மை காணப்பட்டது. புற்றுக்கட்டியின் சூழல் அமிலத்தன்மை கூடியதாக இருப்பதால் அங்கே துகள் வேறு விதமாக நடந்துகொள்ளக்கூடும் என்பது இதற்கான விளக்கம். ஆய்வாளர்கள் இதில் ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் இந்தத் தேர்ந்தெடுக்கும் குணம்தான்.

ஆனால் சோதனைத் தட்டில் வளர்த்த செல்லுக்கும் எலிக்கும் கிடைத்த பலனைச் சிகிச்சையின் நடுவில் இருக்கும் மனிதருக்கு அப்படியே எழுதிக்கொடுக்க முடியாது. அந்த ராடிக்கல் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிலைப்பதில்லை. எனவே காப்பது எதுவாயினும், கதிர் பாயும் கணத்தில், காக்கவேண்டிய செல்லுக்குள், போதிய அளவில் இருந்தாக வேண்டும். விழுங்கிய செரியம் ஆக்சைடில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடுகிறது. ஊசி வழியே இரத்தத்தில் செலுத்தினால் கல்லீரலும் மண்ணீரலும் அதைப் பிடித்து நெடுநாள் வைத்துக்கொள்கின்றன. கண்ணாடியை மெருகேற்றப் பயன்படும் பொருளும் இதே செரியம் ஆக்சைடுதான். உங்கள் கையிலுள்ள குப்பியில் எந்த அளவுத் துகள், எவ்வளவு தூய்மையில் இருக்கிறது என்பதை விற்றவரிடம் கேட்டுப்பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று பார்ப்போம்.

‘நானோ’ என்பது அளவைக் குறிக்கும் சொல். அதற்குள் காக்கும் குணம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஹாஃப்னியம் ஆக்சைடு என்னும் வேறொரு நானோ துகளுக்கு 2019இல் ஐரோப்பாவில் மென்திசுப் புற்றுக்காக ஒப்புதல் கிடைத்தது. அதைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்துவார்கள், அது கதிரின் தாக்கத்தைக் கூட்டும்.

இந்த நான்கு நாளில் அப்பாவுக்கு நஞ்சேறிவிட்டதோ என்பதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. காக்கும் பொருள் உண்மையிலேயே வேலை செய்து, கூடவே புற்றையும் காத்துவிட்டால் என்ன செய்வது? இது வெறும் கற்பனையன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் கதிர்வீச்சுக் காலத்தில் ஆன்டி ஆக்சிடன்ட் வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. கடுமையான பக்கவிளைவுகள் குறைந்தன. ஆனால் புற்று அதே இடத்தில் திரும்பிவரும் போக்கு வைட்டமின் பெற்றவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது, தொடர்ந்து கவனித்தபோது இறப்பும் அவர்களிடையே அதிகமாக இருந்தது. வாய்ப்புண் ஆறியதை வரவு என்று எழுதினால், அந்தச் செலவை எங்கே எழுதுவது? அலமாரியில் வேறு ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைகள் இருந்தால் அவற்றையும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்காதீர்கள்.

நல்ல செல்களைக் காப்பதற்கு வழியே இல்லையா என்றால், உங்கள் அப்பாவுக்கு அது முதல் நாளிலிருந்தே நடந்துவருகிறது. மொத்த அளவான 70 கிரேயை (கிரே என்பது உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) ஒரே மூச்சில் கொடுக்காமல் நாளொன்றுக்கு 2 கிரே எனப் பிரித்துக் கொடுப்பது, இரண்டு அமர்வுகளுக்கு இடையே நல்ல செல்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக. முகத்தில் முகமூடியைப் பொருத்தி அசையாமல் படுக்கவைப்பது, கதிர் குறித்த இடத்தைவிட்டு விலகாதிருப்பதற்காக. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தவிர்க்கும் முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வொன்றில், ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வாய்வறட்சி 74 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்தது. இந்தக் காவலுக்குக் குப்பியும் இல்லை, விளம்பரமும் இல்லை. அமிஃபோஸ்டின் என்றொரு காப்பு மருந்தும் உண்டு; ஒவ்வொரு அமர்வுக்கும் சற்று முன்பாக நரம்பில் ஏற்றவேண்டும், வாந்தியும் இரத்த அழுத்தச் சரிவும் வரும். அது தேவையா என்பது அவருடைய மருத்துவக் குழு முடிவு செய்யவேண்டியது.

தோல் கறுப்பதும் தாடி கொட்டுவதும் கதிர் படும் இடத்தில் எதிர்பார்ப்பவைதான். ருசி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும். வெளியிலிருந்து இயந்திரம் செலுத்தும் கதிர் உடலில் தங்குவதில்லை. குழந்தையை அவர் மடியில் தாராளமாக உட்காரவையுங்கள்.

இவ்வளவையும் எழுதிய நீங்கள், அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று எழுதவில்லை. எனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். புண் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கிச் சிகிச்சை முடியும்வரை கூடிக்கொண்டே போகும். வலிக்கு அஞ்சி முதலில் சோற்றைக் குறைப்பார், பிறகு கஞ்சியை, அதன்பின் யாரிடமும் சொல்லாமல் தண்ணீரையும் குறைத்துவிடுவார். கேட்டால், தாகமில்லை என்பார். சிஸ்பிளாட்டின் ஏறும் உடலில் நீர் குறைந்தால் முதலில் அடிபடுவது சிறுநீரகம். தண்ணீர் இறங்கவில்லை என்றாலோ, குடிக்கும்போதெல்லாம் புரையேறி இருமினாலோ, அரை நாளாகச் சிறுநீர் கொஞ்சமாகவும் கரும்மஞ்சளாகவும் போனாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, அடுத்த அமர்வு வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நரம்பு வழியே நீர் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் வைப்பார்கள். குழாய் என்றதும் ‘நோய் முற்றிவிட்டது’ என்று வீட்டில் அழத் தொடங்காதீர்கள். தொண்டை ஆறும்வரைக்குமான ஏற்பாடு அது.

“போதும்” என்று அவர் சொல்வதற்குக் காரணமும் இந்த வலிதான். சாப்பிடுவதற்கு முன் வாயை மரத்துப்போகச் செய்யும் திரவமும், தேவைப்பட்டால் மார்ஃபினும் கேட்டுப் பெறுங்கள். மார்ஃபின் என்ற பெயருக்கே அஞ்சி வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது கொடுமை. இந்த வகைப் புற்றில் சிகிச்சைக் காலம் ஒவ்வொரு நாள் நீளும்போதும் கட்டி அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதமோ சற்று அதிகமாகவோ குறைகிறது என்பதையும் அவரிடம் நேராகவே சொல்லுங்கள். 61 வயது மனிதரால் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள முடியும்.

அடுத்த அமர்வுக்குப் போகும்போது அந்தக் குப்பியைக் கையோடு எடுத்துச் சென்று, நான்கு நாள் கொடுத்ததைக் கதிர்வீச்சு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் இரண்டு வார்த்தை கடிந்துகொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள்; அப்படியே அப்பாவை எடை பார்க்கச் சொல்லி, முதல் நாள் எடையோடு ஒப்பிட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.