அறுபது வண்டிகளுக்கு ஒரு சாலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிராமச் சாலைகளின் பராமரிப்புக்கு நிதி ஒதுக்குவதில் கை சுருங்கக் கூடாது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். உள்ளாட்சி அமைப்பொன்றின் நிதிக்குழுவில் இருக்கும் எனக்கு அக்கட்டுரை நிறைவளிக்கவில்லை. எங்கள் பொறுப்பிலுள்ள தார்ச்சாலைகளுள் ஒன்று 12 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் கோடியில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 900 பேர். நாளொன்றுக்கு 60 வண்டிகளுக்கு மேல் அதில் போவதில்லை. அந்தப் பணத்தை ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடும் நெடுஞ்சாலையில் செலவிட்டால் பயன் பல மடங்காகும் அல்லவா? ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் செலவழிப்பதைவிட, பத்து ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு ஒரே தடவையில் புதிதாகப் போட்டுவிடுவது சிக்கனம் ஆகாதா? கிராமத்தின் மீதுள்ள பற்றினால் நீங்கள் கணக்கைப் பார்க்கத் தவறிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் தவறாக எண்ண ஒன்றுமில்லை. பொதுப்பணத்துக்குப் பொறுப்பானவர் கேட்டே ஆகவேண்டிய கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். என் கட்டுரையில் எண்கள் இல்லை என்பதும் உண்மை. ஆகவே இம்முறை கணக்கின் வழியாகவே பதில் சொல்ல முயல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வியின் பாதி தானே தெளிந்துவிடும்.

சாலையைப் புதிதாகப் போட ஆகும் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். வடிகால் தூர்வாரவும் குழிகளை அடைக்கவும் ஓரங்களைச் சீர்செய்யவும் ஆண்டுக்கு 3 ஆகிறது என்றும், பத்தாம் ஆண்டில் மேல்தளத்தைப் புதுப்பிக்க 25 ஆகிறது என்றும் கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் சாலையின் எண்களை அவற்றின் இடத்தில் இட்டுப் பார்க்கலாம். நாளை செலவிடப்போகும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால், ஒரு கழிவு வீதத்தைக் கொண்டு அதைக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். பன்னாட்டு வளர்ச்சி வங்கிகளில் நெடுங்காலம் 12 விழுக்காடுதான் வழக்கமான வீதமாக இருந்தது. அந்த வீதத்தில் பார்த்தால் பராமரிக்கும் வழிக்கு இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 25 ஆகிறது. விட்டுவிட்டுப் பத்தாம் ஆண்டில் 100 செலவிடும் உங்கள் வழிக்கு 32 ஆகிறது. வீதத்தை 6 விழுக்காடாகக் குறைத்தால் முன்னது 36, பின்னது 56 என்று இடைவெளி விரிகிறது.

ஆனால் ஆண்டுச் செலவு 3 என்பதற்குப் பதிலாக 5 என்று வந்தால், 12 விழுக்காட்டில் பராமரிக்கும் வழிக்கு 36 ஆகி, உங்கள் வழியே மலிவாகிவிடும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. உள்ளாட்சியின் கருவூலத்தை மட்டும் பார்த்தால், சாலையைக் கைவிடுவதே சிக்கனம் என்று சில இடங்களில் கணக்கு சொல்லத்தான் செய்யும். வீதம் உயர உயர, வருங்காலத்தின் பெருஞ்செலவு கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும். ஆசிய வளர்ச்சி வங்கி 2017இல் தன் வீதத்தை 12இலிருந்து 9 விழுக்காடாகக் குறைத்தது. இத்தகைய ஒரு மாற்றமே பல திட்டங்களின் முடிவைப் புரட்டிப்போடக் கூடியது.

இந்தக் கணக்கில் விடுபட்டுப்போனது ஒன்று உண்டு. அந்தப் பத்து ஆண்டுகளும் அச்சாலையில் போய்வருகிறவர்களின் செலவு அதில் எங்குமே எழுதப்படவில்லை. சாலையைக் கவனிக்காமல் விடுவதால் உள்ளாட்சிக்கு மிச்சமாகும் பணத்தை டயராகவும் ஸ்பிரிங்காகவும் எரிபொருளாகவும் இழந்த நேரமாகவும் வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். 60 வண்டிகளும் முழுத் தொலைவும் ஓடுவதாகக் கொண்டால், உங்கள் சாலையில் ஆண்டுக்கு 2,62,800 வண்டி-கிலோமீட்டர் ஓட்டம் நிகழ்கிறது. குண்டும் குழியுமான தளத்தில் ஒரு கிலோமீட்டருக்குக் கூடுதலாகும் செலவை இந்த எண்ணால் பெருக்கி, நீங்கள் மிச்சம் பிடிக்கும் தொகையின் அருகே எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே சமூகத்தின் செலவுகள். ஒன்று உங்கள் பேரேட்டில் ஏறுகிறது, மற்றது ஏறுவதில்லை என்பதுதான் வேறுபாடு. கருவூலத்தை மட்டும் பார்த்தாலும் பெரிய அளவில் அனுபவம் என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஆப்பிரிக்காவில் 1994க்கு முந்தைய பத்தாண்டில் உரிய காலத்தில் 1,200 கோடி டாலரைப் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், சாலைகளைத் திரும்பப் போடுவதற்கான 4,500 கோடி டாலர் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்று உலக வங்கியின் 1994ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை மதிப்பிட்டது.

சாலை கெடும் விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பத்து ஆண்டுகள் விட்டுவைக்கலாம் என்ற எண்ணம் அது சீராகத் தேய்ந்துகொண்டே போகும் என்ற நினைப்பிலிருந்து வருகிறது. தார்ச்சாலை முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய மாற்றமின்றி இருக்கும். பிறகு மயிரிழை விரிசல்கள் தோன்றும். அவற்றின் வழியே நீர் அடித்தளத்துக்குள் இறங்கியதும் ஜல்லியும் மண்ணும் பிடிப்பை இழக்க, ஓரிரு மழைக்காலத்துக்குள் தளம் உடைந்துவிடும். கண்ணுக்குக் கேடு தெரியும்போது மலிவாகச் சரிசெய்யும் காலம் கடந்திருக்கும். எனவே கிராமச் சாலையில் பராமரிப்பு என்பதன் பெரும்பகுதி நீரை வெளியே அனுப்பும் வேலைதான்: நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் தளம், அடைபடாத பக்க வடிகால், அளவு போதுமான சிறுபாலம். மண்வெட்டியால் முடியும் வேலை இதில் நிறையவே இருக்கிறது. வண்டியால் வரும் கேட்டைப் பொறுத்தவரை எண்ணிக்கையைவிட எடையே முக்கியம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை வண்டிகளை ஓட்டி நடத்திய பெருஞ்சோதனையில், தளத்துக்கு விளையும் சேதம் அச்சுச்சுமையின், அதாவது வண்டியின் ஓர் அச்சு தளத்தின்மீது இறக்கும் எடையின், ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்வது தெரியவந்தது. சுமை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. சுமை 20 விழுக்காடு மிகுந்தாலே சேதம் இரண்டு மடங்கு. ஆகவே உங்கள் 60 வண்டிகளில் மணலோ கல்லோ ஏற்றிய லாரிகள் எத்தனை என்பதைத் தனியே எண்ணாமல் எந்தச் செலவையும் சரியாக மதிப்பிட முடியாது.

இனி நெடுஞ்சாலையைப் பற்றிய கேள்வி. ஆயிரம் வண்டிகளை 60 வண்டிகளோடு ஒப்பிட்டு முடிவெடுப்பது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஒப்பிட வேண்டியது, அடுத்து செலவிடப்போகும் தொகை எந்த இடத்தில் எதை மாற்றுகிறது என்பதையே. நல்ல நிலையிலுள்ள நெடுஞ்சாலையில் அத்தொகை பயணத்தைச் சற்றே மென்மையாக்கும். இடியும் நிலையிலுள்ள சிறுபாலத்தில் அதே தொகை பயணம் என்ற ஒன்று இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிக்கும். நெடுஞ்சாலையே உடையத் தொடங்கியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

அடுத்து, அந்த 60 என்ற எண்ணையே நான் ஐயத்தோடு பார்க்கிறேன். கெட்டுப்போன சாலையில் எண்ணியவை, எல்லாத் தொல்லையையும் தாங்கிக்கொண்டு போன வண்டிகள். போகாமல் நின்றவை அந்த எண்ணிக்கையில் இல்லை. பிரான்சில் சாலை, பாலப் பணிகளில் இருந்த பொறியாளர் ழூல் துப்யுயி, ஒரு பொதுப்பணியின் பயனை அதற்கு மக்கள் செலுத்தும் தொகையைக் கொண்டு அளக்கக் கூடாது, அவர்கள் அதிகபட்சம் எவ்வளவு தர முன்வருவார்கள் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்று 1844இல் வாதிட்டார். செலவு-பயன் பகுப்பாய்வு அங்கிருந்துதான் கிளைத்தது. இப்போது போய்வருபவருக்குப் பயணச் செலவில் குறையும் தொகை முழுவதும் பயன். சாலை சீரானபின் புதிதாகப் புறப்படுபவருக்குச் சராசரியாக அதில் பாதி பயன் என்று கொள்வது இன்றும் நடைமுறை. புதியவர்களில் ஒருவர் சிறிதளவு குறைந்ததுமே கிளம்பியிருப்பார், இன்னொருவர் முழுதும் குறைந்த பிறகே கிளம்பியிருப்பார் என்பதால் இந்தப் பாதிக் கணக்கு. நடந்து போகிறவர்களும் மிதிவண்டியில் போகிறவர்களும் பெரும்பாலான எண்ணிக்கைகளில் வருவதே இல்லை. 900 பேர் வாழும் இடத்தில் அவர்கள் சிறு தொகையினராக இருக்க முடியாது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சாலை அடைபடும் நாட்கள். கரடுமுரடான சாலைக்கும் வழவழப்பான சாலைக்கும் உள்ள வேறுபாட்டைச் செலவில் அளந்துவிடலாம்; போக முடியும் சாலைக்கும் போக முடியாத சாலைக்கும் உள்ள வேறுபாடு வேறு வகையைச் சேர்ந்தது. 12 கிலோமீட்டரில் 20 மீட்டர் அடித்துச்செல்லப்பட்டால், அப்பாலுள்ள ஊருக்கு அந்தச் சாலை முழுவதுமே இல்லாததற்குச் சமம். வண்டி வருமா என்ற உறுதி இல்லாத இடத்தில் வணிகர் அந்த இடரையும் சேர்த்தே விலை சொல்கிறார். விளைவித்தவர் அழுகாத பயிரையே தேர்ந்தெடுக்கிறார். உரத்துக்குச் செலவிடத் தயங்குகிறார். சாலை அடைபடாத நாட்களிலும் இந்த இழப்பு தொடர்கிறது. பேறுகால இறப்புகளை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்: மருத்துவ உதவியை நாட முடிவெடுப்பதில் ஒன்று, மருத்துவமனையை அடைவதில் ஒன்று, அங்கே உரிய சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. இரண்டாவது தாமதத்தின் அளவு பெரும்பாலும் சாலையின் கையில் இருக்கிறது. அதை நீங்கள் பணமாக மாற்ற வேண்டியதில்லை; ஆனால் கணக்குத்தாளில் அதற்கென ஒரு வரி இருந்தே ஆகவேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். சாலை வந்தால் வளமும் தானே வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. 15 எத்தியோப்பியக் கிராமங்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, எல்லாப் பருவத்துக்கும் உதவும் சாலை கிடைத்தால் வறுமை விகிதம் 6.9 விழுக்காட்டுப் புள்ளி குறைவதாகக் கண்டது. இந்தியாவின் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்து சாம் ஆஷரும் பால் நோவோசாடும் 2020இல் வெளியிட்ட முடிவோ அவ்வளவு மகிழ்ச்சி தருவதாக இல்லை: சாலை போட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பின் வேளாண்மையிலிருந்து பலர் வேறு வேலைகளுக்கு மாறியிருந்தார்கள், ஆனால் வேளாண் விளைவிலோ வருமானத்திலோ உடைமையிலோ பெரிய மாற்றம் இல்லை. இரண்டும் புதிதாக இணைப்புக் கிடைத்த ஊர்களைப் பற்றியவை. பராமரிப்பின் நியாயம் இதைவிட எளிமையானது. ஏற்கெனவே செலவிட்டுப் பெற்ற ஒன்றைச் சிறு தொகையால் காப்பாற்றுவது, அதை நம்பி வேலையையும் பள்ளியையும் பயிரையும் அமைத்துக்கொண்டவர்களை நடுவழியில் விடாதிருப்பது. சாலைக்காக வாதாடுவோர் போக்குவரத்துச் செலவு குறைந்ததை ஒரு பயனாகவும், விளைபொருளுக்குக் கூடுதல் விலை கிடைத்ததை இரண்டாவதாகவும், நிலத்தின் மதிப்பு உயர்ந்ததை மூன்றாவதாகவும் கூட்டிக் காட்டுவதுண்டு. இவற்றின் பெரும்பகுதி ஒரே பயன்தான், மூன்று இடங்களில் முகம் காட்டுகிறது. உங்கள் குழுவில் அப்படி யாரேனும் கணக்குக் காட்டினால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

அதேபோல, பராமரிக்க வேண்டும் என்பதற்கு எப்போதும் தார்தான் என்று பொருளில்லை. வட அமெரிக்காவில் சில மாநிலங்களின் உள்ளாட்சிகள், புதுப்பிக்க வசதியில்லாத தார்ச்சாலைகளைச் சரளைச் சாலைகளாகவே திரும்ப மாற்றியிருக்கின்றன. உடைந்த தாரைவிட ஒழுங்காக வாரிச் சமன்செய்த சரளை மேல். ஆயினும் சரளையும் இலவசமில்லை. 5 மீட்டர் அகலமுள்ள சாலையில் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் சரளை கரைந்துபோனால், ஒரு கிலோமீட்டருக்கு 100 கன மீட்டர் தேய்ந்துபோகிறது. உங்கள் சாலைக்கு அது 1,200 கன மீட்டர். கற்சுரங்கம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே தாரா சரளையா என்பதைப் பல இடங்களில் முடிவுசெய்துவிடும். அன்றாடப் பராமரிப்பை யார் செய்வது என்பதற்குப் பெரு நாட்டில் 1995இல் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டம் ஒரு வழி காட்டியது: சாலையோர ஊர்களில் வாழ்பவர்களையே சிறு நிறுவனங்களாக அமைத்து, வடிகாலையும் ஓரத்தையும் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ள ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

ஆகவே 12 கிலோமீட்டர் முழுவதற்கும் ஒரே மாதிரியாகச் செலவிடுங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. முதல் பெருமழைக்கு மறுநாள் அந்தச் சாலையில் யாரையேனும் கோடிவரை நடந்துபோகச் சொல்லுங்கள். நீர் எங்கெங்கே சாலையின் குறுக்கே ஓடியது, எங்கெங்கே தேங்கி நிற்கிறது, எந்தச் சிறுபாலத்தின் வாய் அடைபட்டிருக்கிறது என்று அவர் குறித்து வரட்டும். அந்த இடங்களுக்கு மட்டும் என்ன செலவாகும் என்று தனியே மதிப்பிடுங்கள். சென்ற ஆண்டு எத்தனை நாட்கள் வண்டி போக முடியாமல் இருந்தது என்பதைப் பள்ளி ஆசிரியரிடமும் செவிலியரிடமும் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டு எண்களும் கையில் வந்தபின் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போதும் சாலையைக் கைவிடுவதே மேல் என்று கணக்கு காட்டினால், அந்தக் கணக்கை இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்