அமிலம் குறைந்தால் வயிறு அரைக்காதா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு 58 வயது. நெஞ்செரிச்சலுக்காக மூன்று மாதமாக அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை சாப்பிடுகிறார். எரிச்சல் போய்விட்டது. ஆனால் இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு கல் மாதிரி இருக்கிறது என்கிறார். அமிலம்தான் வயிற்றை அசைத்து அரைக்க வைக்கிறது, மாத்திரை அதைக் கெடுத்துவிட்டது என்கிறார் என் மாமியார். உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வயிற்றை அசைப்பது அமிலம் இல்லை அம்மா. இரைப்பைச் சுவருக்குள்ளேயே காஜால் செல்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு மூன்று முறை தாளம் போடுவது அவைதான். எண்டோஸ்கோப்பி செய்யும்போது தினமும் பார்க்கிறேன். நடு வயிற்றில் ஒரு சுருக்கம் வளையமாகக் கிளம்பி மெதுவாகக் கீழே இறங்கும். பைலோரஸ் என்ற வாசலை நெருங்க நெருங்க இறுகும். வாசலும் சுருக்குப்பையின் வாய் மாதிரி மூடிக்கொள்ளும். இருபது விநாடியில் அடுத்த அலை. சாப்பிட்ட வயிற்றில் அலை தள்ளி வரும் உணவு மூடிய வாசலில் மோதித் திரும்பும். இப்படியே அரைபட்டு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியான பிறகுதான் கீழே நழுவும்.

அமிலத்துக்கு வேலை வாசலுக்கு அந்தப் பக்கம். முன்சிறுகுடலின் சுவர் இரைப்பையைப் போல அமிலத்தைத் தாங்காது. அமிலம் பட்டதுமே நரம்புகள் வழியாக இரைப்பைக்கு 'மெதுவாக அனுப்பு' என்று சேதி போகும். கூடவே செக்ரட்டின் சுரந்து, அமிலத்தை முறிக்கும் காரநீரைக் கணையத்திலிருந்து வரவழைக்கும். 1902-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஆக, அசைவுக்கு அமிலம் பிரேக்.

உங்கள் மாமியார் சொன்னதற்கு நெருக்கமாக ஒரு பெரிய விஞ்ஞானியும் நினைத்தார். ஹார்வர்டின் வால்டர் கேனன், பூனைகளுக்கு, எக்ஸ்ரேயில் தெரியும் பிஸ்மத் உப்பைக் கலந்த உணவு கொடுத்து எக்ஸ்ரேயில் இரைப்பை அலைகளைப் பார்த்தவர். பூனை மிரண்டால் அலை நின்றுபோவதையும் கண்டார். இரைப்பைப் பக்கம் அமிலம் சேர்ந்தால் வாசல் திறக்கும், குடல் பக்கம் பட்டால் மூடும் என்று 1907-ல் எழுதினார். குடல் பக்கத்துக் கதை நிலைத்தது. மற்றது நிலைக்கவில்லை. அமிலமே சுரக்காதவர்களுக்கும் அந்த வாசல் திறக்கிறது, வயிறு காலியாகிறது.

சரி, உங்கள் கணவருக்கு ஏன் கனக்கிறது? புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதி வேலை செய்ய அமிலம் வேண்டும். மாத்திரை அதைக் குறைப்பதால் கறி, முட்டை போன்ற கெட்டியான உணவு கரைந்து இறங்கக் கொஞ்சம் தாமதமாகலாம். ஆனால் இட்லி ஆவியில் வெந்த மாவு. இரண்டு இட்லிக்கே கனக்கிறது என்றால் மாத்திரை மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பல வருடச் சர்க்கரை, இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பைப் பாதித்து அசைவையே மந்தமாக்கும். சிலருக்குச் சாப்பாடு உள்ளே வரும்போது மேல் வயிறு தளர்ந்து இடம் கொடுக்காது, அதனாலும் சீக்கிரம் நிறைந்துவிடும்.

மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டு நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும். இன்னும் தேவையா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். 58 வயதில் புதிதாக இப்படி வந்தால் ஒரு எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுவது நல்லது. எடை குறைகிறது, மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறது, காலையில் சாப்பிட்டது மாலையில் வாந்தியாக வருகிறது என்றால் இந்த வாரமே அழைத்துப் போங்கள்.