தூசிவால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வால்நட்சத்திரத்துக்கு இரண்டு வால்கள்; மின்னூட்டம் பெற்ற அணுக்களாலான அயனி வாலைச் சூரியக்காற்று (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) இழுக்கிறது, தூசிவாலைச் சூரிய ஒளி தள்ளுகிறது என்று எழுதியிருந்தீர்கள். 2007இல் வந்த மெக்நாட் வால்நட்சத்திரத்தின் படங்களில் தூசிவால் தென்னங்கீற்றுபோல வரிவரியாகப் பிரிந்திருக்கிறது. ஓரிடத்தில் அந்த வரிசையும் குலைந்து கிடக்கிறதே, ஏன்? 2011இல் சூரியனருகே லவ்ஜாய் வால்நட்சத்திரத்தின் வால் நெளிந்ததும் இதனால்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பெரிய தூசி போகும் பாதையை விளக்க ஒளியின் தள்ளுதலும் சூரியனின் ஈர்ப்பும் போதும். பொடித்தூசிக்கு மின்னூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டுத் துகளிலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்துப் போகின்றன. சூரியக்காற்றிலிருந்து கொஞ்சம் வந்து ஒட்டுகின்றன. வரவு செலவு போக, வழக்கமாகச் சில வோல்ட் நேர்மின்னழுத்தம் மிஞ்சும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துகளில் 5 வோல்ட் இருந்தால், அது இழந்தது வெறும் 350 எலக்ட்ரான் அளவுக்குத்தான். இதெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் ஆரம் பத்தில் ஒன்றானால் மின்னூட்டமும் பத்தில் ஒன்றாகிறது. எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. அதனால் துகள் சிறுக்கச் சிறுக்க, சூரியக்காற்று சுமந்துவரும் காந்தப்புலத்தின் பிடி இறுகுகிறது.

மெக்நாட் 2007 ஜனவரி 12 அன்று சூரியனிலிருந்து சுமார் 2.5 கோடி கி.மீ. தொலைவில் திரும்பியது. அந்தக் காந்தப்புலத்தில், திசை நேரெதிராக மாறும் எல்லை ஒன்று அலையலையாக விரிந்து கிடக்கிறது. தூசி அதைக் கடந்தபோதுதான் கீற்றுகள் குலைந்தன என்று, சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ, ஸ்டீரியோ விண்கலங்களின் படங்களை ஆராய்ந்த ஆலிவர் பிரைஸ் குழுவினர் 2018இல் காட்டினார்கள். எல்லை தாண்டினால் மின்னூட்டமுள்ள துகள் மீதான விசையும் திசை மாறும். ஒளியின் தள்ளுதல் அப்படி மாறாதே! அதனால்தான் இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

லவ்ஜாய் கதை வேறு. அது சூரியப் பரப்பிலிருந்து சுமார் 1.4 லட்சம் கி.மீ. உயரத்தில் போனது. அந்தச் சூட்டில் தூசியே ஆவியாகிவிடும். படத்தில் நெளிந்தவை ஆக்சிஜன், இரும்பு போன்றவற்றின் அயனிகள். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் காந்தக்கோடுகள் போன வழியில் அவையும் போயின. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம்.

கீற்றுகள் முதலில் எப்படி உண்டாகின்றன என்பதில் இன்னும் சண்டைதான். பெரிய கட்டிகள் வழியில் சட்டென்று உடைந்து நொறுங்குவதால் என்பது பலர் சொல்வது. எதனால் உடைகின்றன? மின்னூட்டம் மிகுந்து, தன்னைத்தானே விலக்கித் துகள் சிதறலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. உறுதியற்ற, புசுபுசுவென்ற கட்டிகளுக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். கெட்டியான பாறைத்துணுக்குக்குச் சில வோல்ட் எம்மாத்திரம்?